எதுவுமே செய்யாதவர் எப்படிப் புனிதர் ஆனார்? குழந்தை தெரேசாவைப் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான்: "எங்கள் பங்குக் கோயிலில் ரோஜாப்பூக்களும் பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) ஏந்தி நிற்கும் சிறுமலர் சுரூபம் இருக்கிறது. 15 வயதில் மடத்துக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. 24 வயதில் இறந்துபோனார். ஒரு பள்ளியோ ஆஸ்பத்திரியோ தொடங்கவில்லை. அவருக்கு ஏன் இவ்வளவு பெயர்? அதிலும் மறைபரப்பு (கிறிஸ்தவத்தைப் பரப்பும் பணி) நாடுகளுக்கே அவர் எப்படிப் பாதுகாவலி ஆனார்?"

அவர் சாகக் கிடந்தபோதே அந்த மடத்துக்குள் எழுந்த கேள்விதான் இது. அவர் சேர்ந்திருந்த கார்மேல் என்ற துறவற சபையின் மடங்களில் ஒரு சகோதரி இறந்தால், அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதி மற்ற மடங்களுக்கு அனுப்புவது வழக்கம். "மடத்தலைவித் தாயார் இவரைப் பற்றி என்னதான் எழுதுவாரோ, சொல்லும்படி ஒன்றுமே இல்லையே" என்று ஒரு சகோதரி கவலைப்பட்டாராம். அந்தக் கவலைக்கு வந்த பதிலைத்தான் உலகம் இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தெரேசாக்கள் மூன்று பேர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா தெரேசா பெரிய தெரேசா. நாம் பேசப்போகும் பிரெஞ்சுப் பெண், லிசியே நகரின் குழந்தை தெரேசா. மூன்றாமவர் கல்கத்தாவின் அன்னை தெரேசா. அவர் துறவறப் பெயராக எடுத்துக்கொண்டது இந்தக் குழந்தை தெரேசாவின் பெயரைத்தான். நம் ஊர்ப் பள்ளிகளில் 'லிட்டில் ஃப்ளவர்', 'சிறுமலர்' என்று பெயர்ப் பலகை பார்த்தால் அதுவும் இவர்தான்.

1873 ஜனவரி 2 அன்று நார்மண்டிப் பகுதியில் உள்ள அலான்சோன் ஊரில் பிறந்தார். அப்பா லூயி மார்ட்டின் கடிகாரம் செய்பவர். அம்மா ஸெலி லேஸ் தொழில் நடத்தியவர். அலான்சோன் லேஸ் அந்தக் காலத்தில் பேர்போனது. தொழில் பெருகியதும் கணவர் தன் கடிகாரக் கடையை விற்றுவிட்டு மனைவிக்கு உதவியாக வந்துவிட்டார். ஒன்பது பிள்ளைகளில் நான்கு சிறு வயதிலேயே போய்விட்டன. மிஞ்சியது ஐந்து பெண்கள்: மரி, போலின், லியோனி, செலின், கடைக்குட்டி தெரேசா. 1877 ஆகஸ்டில் அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது தெரேசாவுக்கு வயது நான்கு. குடும்பம் மாமா வசித்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது.

அதன்பின் அந்தக் குழந்தை தொட்டால் அழுதது. அழுததற்காகவும் அழுதது. இதை அவரே ஒளிவில்லாமல் எழுதியிருக்கிறார். அம்மாவின் இடத்தில் இருந்த அக்கா போலின் 1882இல் கார்மேல் மடத்தில் சேர்ந்ததும் சிறுமிக்கு உடம்பு கடுமையாகக் கெட்டது. நடுக்கம், பிதற்றல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. 1883 மே மாதம் கட்டிலருகே இருந்த மாதா சுரூபம் தன்னைப் பார்த்துப் புன்னகைத்ததாகவும், நோய் அதோடு விலகியதாகவும் சொல்கிறார். இன்றைய மனநல மருத்துவர் இதற்கு வேறு விளக்கம் தரலாம். எனக்கு அதில் வழக்கில்லை. தாயை இரண்டு முறை இழந்த குழந்தை அது, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவரே தன் வாழ்க்கையின் திருப்பம் என்று சொல்வது ஒரு காட்சியும் தரிசனமும் இல்லாத சின்னச் சம்பவம். 1886 கிறிஸ்துமஸ். நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்புகிறார்கள். பிரான்சில் குழந்தைகளின் காலணிகளில் பரிசு வைப்பார்கள். தெரேசாவுக்கு 14 வயது ஆகப்போகிறது, ஆனாலும் வீட்டில் அவருக்கு இன்னும் இந்த வழக்கம் உண்டு. களைத்துப்போன அப்பா சலிப்போடு, "நல்லவேளை, இந்த வருஷத்தோடு இது முடியும்" என்று சொன்னது மாடிப்படியில் இருந்த தெரேசாவின் காதில் விழுந்துவிட்டது. முன்பானால் அன்றைய பண்டிகையே அழுகையில் முடிந்திருக்கும். அன்று அவர் கண்ணீரை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து, அப்பா எதிரில் சிரித்தபடி பரிசுகளைப் பிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. பத்து வருஷமாகத் தன்னால் முடியாதது அந்த ஒரு நொடியில் முடிந்ததாக எழுதுகிறார். தெரேசாவின் ஆன்மிகம் முழுவதும் இந்த மாடிப்படியில் இருக்கிறது என்பேன்.

அடுத்த ஆண்டு மூன்று பேரைக் கொலை செய்த பிரான்சினி என்பவனுக்குப் பாரிசில் மரண தண்டனை விதித்தார்கள். மனம் வருந்தாத அந்தக் கொலைகாரனுக்காகத் தெரேசா விடாமல் ஜெபித்தார். வீட்டில் செய்தித்தாள் படிக்கக் கூடாது; அதை மீறிப் பத்திரிகையைத் திறந்து பார்த்தார். வெட்டுமேடையில் கடைசி நிமிடத்தில் அவன் பாடுபட்ட சுரூபத்தை மூன்று முறை முத்தமிட்டான் என்று போட்டிருந்தது. அவனைத் தன் "முதல் பிள்ளை" என்றே அழைத்தார்.

மடத்தில் சேர அவர் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். வயது போதாது என்று மடத்துக்குப் பொறுப்பான குரு மறுத்தார். ஆயரைப் பார்க்கப் போனபோது வயது கூடத் தெரியட்டும் என்று தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போனார், பலிக்கவில்லை. 1887 நவம்பரில் ரோமைக்குத் திருயாத்திரை போன இடத்தில், பேசக் கூடாது என்ற கட்டளையை மீறித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கடவுள் விரும்பினால் சேர்வாய்" என்ற பதிலோடு காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். கடைசியில் 1888 ஏப்ரல் 9 அன்று, 15 வயதில், லிசியே கார்மேலுக்குள் போனார். இவரைச் சாதுவான பெண் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

உள்ளே போனால் சொர்க்கம் இல்லை. கணப்பு வசதி ஒரே அறையில்தான். அந்தக் குளிரில் தான் பட்ட வேதனையைக் கடைசிக் காலத்தில்தான் வாய்விட்டுச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு அக்காமார் உள்ளே, பின்னால் செலினும் வந்து சேர்ந்தார். ஒரே குடும்பத்திலிருந்து நான்கு பேர் என்றால் மற்றவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு மூளை பாதிக்கப்பட்டு 1889இல் கான் நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பெண்கள் மடத்தில் சேர்ந்ததால்தான் அவருக்கு இப்படி ஆனது என்று ஊர் பேசியது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார், 1894இல் இறந்தார். தெரேசா தன் துறவறப் பெயரோடு 'திருமுகம்' என்பதையும் சேர்த்துக்கொண்டதற்கு இந்தப் பின்னணி உண்டு. அவமானப்பட்ட இயேசுவின் முகத்தில் அவர் தன் அப்பாவின் முகத்தையும் பார்த்தார்.

சரி, அவர் 'செய்தது' என்ன? பட்டியல் போட்டால் சிரிப்பு வரும். துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்டால் முகத்தைத் துடைக்காமல் இருந்தார். தியான நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் கிளப்பிய 'கிறீச்' சத்தம் எரிச்சல் மூட்ட, அதை ஒரு கச்சேரிபோல் கேட்கப் பழகினார். நோயாளியான ஒரு முதிய சகோதரியைத் தினமும் சாப்பாட்டு அறைக்குக் கைபிடித்து நடத்திப் போனார். வேகமாக நடந்தாலும் திட்டு, மெதுவாக நடந்தாலும் திட்டு. பார்த்தாலே பிடிக்காத ஒரு சகோதரிக்கு மிக அதிகமாகச் சிரித்த முகம் காட்டினார். அந்தச் சகோதரியே ஒருநாள், "என்னிடம் உங்களுக்கு அப்படி என்ன பிடித்துப்போனது?" என்று கேட்டுவிட்டாராம்! கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஜெபத்தில் தூங்கிவிழுவது அவருக்கு வழக்கம். ஆண்டுக்கணக்காகத் தூங்கினார். வருத்தப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் தூங்கினாலும் விழித்திருந்தாலும் பிள்ளைகள் பெற்றோருக்குப் பிரியமானவர்கள்தானே என்று எழுதினார். இதிலிருக்கும் துணிச்சலைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கத்தோலிக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடவுள் என்றால் கணக்கு வாங்கும் நீதிபதி. பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்குவதற்கே தயங்குவார்கள். துறவியர்கூடத் தினமும் வாங்க முடியாது. கார்மேல் சகோதரிகளில் சிலர், பாவிகளுக்கு வரவேண்டிய தண்டனை தங்கள்மேல் விழட்டும் என்று கடவுளின் நீதிக்குத் தங்களைப் பலியாக ஒப்புக்கொடுப்பார்கள். தெரேசா 1895 ஜூன் 9 அன்று தன்னை ஒப்புக்கொடுத்தது நீதிக்கு அல்ல, இரக்கம் நிறைந்த அன்புக்கு. சொல் ஒன்றுதான் மாறியது, ஆனால் கடவுளின் முகமே மாறிவிட்டது.

அவருடைய 'சிறிய வழி' என்பது இதுதான். பெரிய புனிதர்கள் மலை, தான் மணல் துகள். படியேற முடியாது, ஆனால் ஆசையோ விடவில்லை. பணக்காரர் வீடுகளில் இப்போது மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட் வந்துவிட்டதே, அதுபோல ஒன்று தனக்கும் வேண்டும் என்று தேடினார். இயேசுவின் கைகளே அந்த லிஃப்ட் என்று கண்டுகொண்டார். அதில் ஏற ஒரே தகுதி, சிறியவராகவே இருப்பது. 1890களில் லிஃப்ட் புத்தம் புதிய சாதனம். இன்று ஒரு துறவி செயற்கை நுண்ணறிவை வைத்து உவமை சொல்வதுபோல.

இனி நம் சுரூபங்கள் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். 1896 பெரிய வெள்ளி அதிகாலையில் அவர் முதன்முதலாக இரத்தம் கக்கினார். காசநோய். அதே பாஸ்கா நாள்களில் இன்னொன்றும் தொடங்கியது: விண்ணகம் என்று ஒன்று இருக்கிறது என்ற உணர்வே அற்றுப்போனது. வானம் வரை எழும்பி நிற்கும் சுவர் என்று அதை எழுதுகிறார். "சாவில் மகிழ்ந்திரு, நீ எதிர்பார்ப்பது கிடைக்காது, இதைவிடப் பெரிய இருட்டான சூனியம்தான் கிடைக்கும்" என்று இருள் கேலி பேசுவதாக எழுதுகிறார். இது 18 மாதம் நீடித்து, சாகும்வரை விலகவில்லை. கடவுள் இல்லை என்பவர்கள் உண்மையிலேயே அப்படி நினைப்பதில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்று முன்பு நம்பியவர், இப்போது அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். கிறிஸ்தவ நம்பிக்கைகளைச் சுருக்கிச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அன்னை தெரேசாவின் கடிதங்கள் வெளிவந்து அவரும் இப்படி ஓர் இருளில் பல்லாண்டு இருந்தார் என்று தெரிந்தபோது பலர் அதிர்ந்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட பெயரின் சொந்தக்காரியே அந்த வழியில் முன்னால் போனவர்தான்.

இந்த நேரத்தில்தான் ஒரு விசித்திரமான அவமானமும் வந்து சேர்ந்தது. லியோ தாக்சில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், சாத்தான் வழிபாட்டிலிருந்து மனம் திரும்பிய 'டயானா வாகன்' என்ற பெண்ணைக் கற்பனையாகப் படைத்து, கத்தோலிக்க உலகம் முழுவதையும் நம்ப வைத்திருந்தார். லிசியே மடமும் நம்பியது. தெரேசா அவளுக்குக் கடிதம் எழுதினார், ஜோன் ஆஃப் ஆர்க் வேடத்தில் தான் நடித்தபோது செலின் எடுத்த புகைப்படமும் போனது. 1897 ஏப்ரல் 19 அன்று பாரிசில் தாக்சில் கூட்டம் போட்டு, எல்லாமே புளுகு என்று தானே அறிவித்தார். அந்த மேடைத் திரையில் காட்டிய படம் தெரேசாவுடையது. அவளிடமிருந்து வந்திருந்த பதில் கடிதத்தைத் தெரேசா கிழித்துத் தோட்டத்துக் குப்பையில் போட்டார். விசுவாசமே இருண்டு கிடக்கும் ஒருவருக்கு, நம்பிய ஒன்று பொய்யாகப் போவது எப்படி இருந்திருக்கும்!

1897 செப்டம்பர் 30 மாலை இறந்தார். வலி தாங்காத நாள்களில், விசுவாசம் மட்டும் இல்லாவிட்டால் தயங்காமல் உயிரை விட்டிருப்பேன் என்று அக்காவிடம் சொன்னவர், கடைசியாகச் சொன்னது "என் கடவுளே, உம்மை அன்பு செய்கிறேன்" என்று. அக்டோபர் 4 அன்று நடந்த அடக்கத்துக்குச் சொற்பமானவர்களே வந்திருந்தார்கள்.

இனி பேரின் கதை. அக்கா போலின் மடத்தலைவியாக இருந்தபோது, சிறு வயது நினைவுகளை எழுதித் தரும்படி தெரேசாவிடம் சொல்லியிருந்தார். கிடைத்த நேரத்தில் பள்ளி நோட்டுகளில் எழுதியது அது. பின்னால் அக்கா மரிக்காக ஒரு பகுதி, அடுத்த மடத்தலைவிக்காக ஒரு பகுதி என மூன்று கையெழுத்துப் பிரதிகள். போலின் அவற்றை ஒன்றாக்கி, தம் விருப்பப்படி திருத்தி, இறந்த நாளுக்குச் சரியாக ஓராண்டு கழித்து 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்று 2,000 படிகள் அச்சிட்டார். இரங்கல் குறிப்புக்குப் பதிலாகப் போன புத்தகம் அது. மற்ற மடங்கள் வாங்கின, குருக்கள் வாங்கினார்கள், அப்புறம் பொதுமக்கள். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அவர் படத்தைப் பையில் வைத்திருந்தார்கள். மடத்துக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. புனிதர் பட்டத்துக்கு 50 ஆண்டு காத்திருக்க வேண்டிய விதியைத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் தளர்த்தினார். 1923இல் அதற்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம், 1925 மே 17 அன்று புனிதர் பட்டம். கூடப் பிறந்த நான்கு அக்காமாரும் அப்போது உயிரோடு இருந்தார்கள்.

அக்காவின் திருத்தம் சாதாரணமானது இல்லை, சுமார் 7,000 இடங்களில் கைவைத்திருக்கிறார். தெரேசா எழுதியது எழுதியபடி வெளிவந்தது 1956இல்தான். படங்களுக்கும் இதே கதிதான். மடத்துக்குள் கேமராவோடு வந்த செலின் எடுத்த அசல் படங்களில் தாடை இறுகிய, நேராகப் பார்க்கும் ஒரு பெண் இருக்கிறார். வெளியே போனவையோ மெருகேற்றிய படங்களும், செலினே வரைந்த ரோஜாப்பூ ஓவியமும். நம் கோயில் சுரூபங்கள் அந்த வழியில் வந்தவை. அக்காமாரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நமக்குத் தெரேசாவே இல்லை.

மறைபரப்புக்கு வருகிறேன். லிசியே கார்மேல் வியட்நாமில் சைகோனில் ஒரு மடம் நிறுவியிருந்தது. தெரேசாவுக்கு ஹனோய் மடத்துக்குப் போக ஆசை, நோய் விடவில்லை. இரண்டு மறைபரப்பாளர்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. ஒருவர் சீனாவுக்குப் போன ரூலான், மற்றவர் ஆப்பிரிக்க மறைபரப்புக்குப் புறப்பட்ட இளைஞர் பெலியே. வேலை செய்யும் இடத்தில் சிச்சுவான் வரைபடத்தை மாட்டிவைத்திருந்தார். நோய் முற்றிய நிலையில் தோட்டத்தில் தள்ளாடி நடந்தபோது, உட்காரச் சொன்ன சகோதரியிடம், ஒரு மறைபரப்பாளருக்காக நடக்கிறேன், தூரத்தில் எங்கோ ஒருவர் களைத்துப்போயிருப்பார், அவர் களைப்பு குறையட்டும் என்றார். 1927 டிசம்பரில் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைப் புனித சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி ஆக்கினார். தூத்துக்குடிக் கடற்கரையில் மணி அடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த சவேரியாரும், மடத்துச் சுவரைத் தாண்டாத இந்தப் பெண்ணும் ஒரே பதவியில். திருச்சபையிலும் நகைச்சுவை உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

1997இல் இரண்டாம் ஜான் பால் அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபை முழுவதற்கும் போதிக்கும் ஆசிரியர், என்று அறிவித்தார். பெரிய இறையியல் அறிஞர்களான அகுஸ்தினார், அக்குவினாஸ் இருக்கும் வரிசை அது. அந்தப் பட்டம் பெற்ற மூன்றாவது பெண், எல்லாரிலும் வயதில் இளையவர். அவர் முறையாக இறையியல் படித்தவர் இல்லை. 2015இல் லூயி, ஸெலி இருவருக்கும் சேர்த்துப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஒரு தம்பதிக்கு ஒன்றாகப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. வீட்டில் எதற்கும் லாயக்கில்லாத பிள்ளை என்று பெயர் வாங்கி, பல முறை மடத்தில் சேர்ந்து சேர்ந்து திரும்பி வந்த அக்கா லியோனிக்கும் இப்போது புனிதர் பட்ட நடவடிக்கை நடக்கிறது. என்னைக் கேட்டால் தங்கையின் சிறிய வழியைச் சரியாகப் புரிந்துகொண்டு வாழ்ந்தவர் அவர்தான்.

படிக்க நினைத்தால் ஒரு யோசனை. முதல் பகுதியின் மொழி 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வீட்டுப் பெண்ணின் மொழி. பூ, பொம்மை, கண்ணீர் என்று சிலருக்குத் திகட்டும். திகட்டினால் புத்தகத்தை மூடிவிடாமல் நேரே மூன்றாம் பகுதிக்குப் போங்கள். இருளைப் பற்றியும், அந்தப் பிடிக்காத சகோதரியைப் பற்றியும் அதில்தான் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கங்களில் மைப்பேனா பிடிக்கக் கையில் தெம்பில்லாமல் பென்சிலால் எழுதினார். அதற்கு மேல் முடியாமல் 1897 ஜூலையில் நிறுத்திவிட்டார். பாதியில் நிற்கும் அந்த நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது "நம்பிக்கையாலும் அன்பாலும்" என்பது.